ஐரானிக்கலி: யார் நினைத்தார், என்ன நடந்தது?

இந்த முறை அந்தமான் நிக்கோபாரிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே 'ஐரானிக்கலி' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைச் சுற்றி வருகின்றன. அந்தச் சொல்லை உரசிப் பார்க்க அந்தத் தீவுகளின் வரலாற்றைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

'ஐரானிக்கலி' என்பதற்கு ஒரே வரியில் பொருள் சொல்லுங்கள். பரீட்சைக்கு வேண்டும்.
(பத்தாம் வகுப்பு மாணவி, ரங்கத்)

ஒன்றை நினைத்துச் செய்த காரியம், அந்தக் காரியத்தாலேயே நினைத்ததற்குத் தலைகீழாக முடிவது. 'அந்தக் காரியத்தாலேயே' என்பதை அடிக்கோடிடுங்கள். உங்கள் துணைப்பாடத்தில் வரும் மாப்பசானின் 'நெக்லஸ்' கதையையே பாருங்கள். ஓர் இரவு பணக்காரியாகத் தெரிவதற்காக இரவல் வாங்கிய நகை, கதாநாயகியைப் பத்து வருடம் ஏழையாக்கி வாட்டுகிறது. எல்லாம் முடிந்த பிறகு அந்த நகையே போலி என்று தெரிகிறது. இந்த இரண்டையும் எழுதினால் முழு மதிப்பெண்.

தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா?
(அரசு ஊழியர், ஹேட்டோ)

'முரண்நகை' இருக்கிறது. ஆனால் அது விமர்சகர்களின் சொல், வாசல் திண்ணையில் யாரும் சொல்வதில்லை. திண்ணையில் இருந்தவர்கள் பழமொழியாலேயே வேலையை முடித்துக்கொண்டார்கள், அதுவும் ஆங்கில அகராதியைவிடத் தெளிவாக. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் அது தற்செயல். பட்ட காலிலே பட்டால் அது துரதிர்ஷ்டம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தால் முரண்நகை. வேலியே பயிரை மேய்ந்தால் அதைவிடக் கொடிய முரண்நகை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் முதல் இரண்டுக்கும் 'ஐரானிக்கலி' போட்டுவிடுகிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வரவே கூடாது, நான்குக்கும் தனித்தனியே பழமொழி வைத்திருக்கிறோம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் வைஸ்ராய் மேயோ கொல்லப்பட்டார். இடத்தின் பெயர் ஹோப்டவுன். நம்பிக்கை என்று பெயர் வைத்த இடத்தில் கொலை! 'ஐரானிக்கலி' போடலாமா?
(கல்லூரி மாணவர், பாம்பூஃப்ளாட்)

பெயருக்காகப் போடாதீர்கள். ஊர்ப்பெயர் யாருக்கும் வாக்குறுதி கொடுப்பதில்லை. முரண்நகை அந்தக் கதையின் உள்ளே இருக்கிறது.

மேயோ பிரபு 1872 பிப்ரவரி 8 அன்று அங்கே வந்தது, கைதிகளின் குடியேற்றம் எப்படி நடக்கிறது என்று பார்வையிட. மாலையில் ஹாரியட் மலையேறிச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கினார். இருட்டிய பிறகு ஹோப்டவுன் படகுத்துறையில் ஷேர் அலி அஃப்ரிதி கத்தியால் குத்தினார். ஷேர் அலி ஒரு காலத்தில் பெஷாவரில் ஆங்கிலேயரிடமே வேலை பார்த்தவர். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டுத் தீவுக்கு வந்தவர். அங்கே நல்ல பெயர் எடுத்ததால் நாவிதர் வேலையும் நடமாடும் சுதந்திரமும் கொடுத்திருந்தார்கள்.

கைதிகளைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைப் பார்வையிட வந்தவர், அந்த ஏற்பாடு நம்பி வெளியே விட்ட கைதியின் கையாலேயே இறந்தார். 'ஐரானிக்கலி' போட வேண்டிய இடம் அதுதான். ஷேர் அலியை அடுத்த மாதமே, மார்ச் 11 அன்று, வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

சுற்றிலும் கடல். கோடையில் குழாயில் தண்ணீர் முறைவைத்து வருகிறது. இது முரண்நகைதானே?
(குடும்பத் தலைவி, கரச்சரமா)

கடலைச் சொன்னால் இல்லை. உப்புத் தண்ணீரை எந்தக் குடும்பமும் சமையலுக்கு எதிர்பார்ப்பதில்லை. மழையைச் சொன்னால் ஆம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது. செங்குத்தான சரிவுகளில் விழுந்த நீர் நின்று ஊற நேரமில்லாமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. தேக்கி வைக்கத் தனிக்காரி அணையைப் பெரிதாக நம்பியிருக்கிறீர்கள். அடுத்த முறை மனு எழுதும்போது கடலை விட்டுவிட்டு மழையை எழுதுங்கள், அதிகாரியால் பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

கச்சால் தீவைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரையில் படித்தேன். 2000 ஜனவரி 1 அன்று புத்தாயிரத்தின் முதல் கதிர் விழும் இடம் என்று உலகமே பேசிய தீவு, 'ஐரானிக்கலி' ஐந்து வருடத்துக்குள் சுனாமியில் அழிந்தது என்று இருந்தது. என் சொந்தங்கள் அங்கே இருந்தார்கள். படித்ததும் ஏனோ வலித்தது.
(பெயர் வேண்டாம், ஸ்ரீ விஜயபுரம்)

அந்தச் சொல்லே தவறு, அதனால்தான் வலித்தது. அந்தப் புத்தாயிர விடியலுக்கும் கடல் எழுந்ததற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்று மற்றொன்றைத் தலைகீழாக்கவும் இல்லை. இரண்டும் ஒரே தீவில் நடந்தன, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 அன்று நிக்கோபார் தீவுகளில் மிக மோசமாக அடிபட்டவற்றுள் கச்சாலும் ஒன்று. அங்கே உயிரிழந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். பழங்குடி நிக்கோபாரிகளோடு, 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட நம் மக்களும் அங்கே இருந்தார்கள்.

அதை எழுத 'அந்தத் தீவில்' என்ற சொல்லே போதும். இழவு வீட்டில் எழுதுகிறவரின் சாமர்த்தியம் தெரியக் கூடாது.

வாக்கியத்தில் எங்கே வைப்பது? முதலிலா, கடைசியிலா?
(போட்டித் தேர்வர், டிக்லிபூர்)

இடம் மாறினால் பொருளும் மாறும். முதலில் வைத்துக் காற்புள்ளி போட்டால், அது முழு வாக்கியத்தையும் பற்றி எழுதுகிறவர் சொல்லும் கருத்து: நடந்ததில் முரண் இருக்கிறது என்று அவர் சொல்கிறார். வினைச்சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி இல்லாமல் வைத்தால், அது செய்தவரின் தொனி: அவர் குத்தலாகச் சொன்னார், குத்தலாகச் சிரித்தார். தமிழில் முதலாவது 'இதில் முரண் என்னவென்றால்', இரண்டாவது 'குத்தலாக'. மொழிபெயர்ப்பில் இரண்டையும் கலந்துவிட்டால் வைஸ்ராய் குத்தலாக இறந்துபோவார்.

குத்தலாகப் பேசுவதற்கும் அதே சொல்லா? நம் வஞ்சப்புகழ்ச்சி அதில் அடங்குமா?
(தமிழாசிரியை, மாயாபந்தர்)

அடங்கும், முன்வரிசையில். தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலுக்குள் அதியமானின் தூதாகப் போன ஔவையாரை நினைத்துப் பாருங்கள். இங்கே வேல்கள் நெய் பூசி, பீலி சூட்டி, அழகாகக் காவலில் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்ட மாத்திரத்தில் புகழ்ச்சி, யோசித்தால் எச்சரிக்கை: உன் படை போர் பார்த்ததில்லை.

ஆங்கில நடைக்குக் கையேடு எழுதிய ஃபவுலர் 1926-இல் இதற்கு இரண்டு வகைக் கேட்போர் வேண்டும் என்றார். சொல்லை மட்டும் கேட்பவர் ஒருவர், சொல்லுக்குப் பின்னால் இருப்பதையும் கேட்பவர் இன்னொருவர். புறநானூற்றின் அந்த 95-ஆம் பாட்டில் தொண்டைமான் இந்த இரண்டில் எந்த வகை என்று வகுப்பில் கேளுங்கள். ஒரு மணி நேரப் பாடம் தானாக ஓடும்.

'டிராமடிக் ஐரனி'க்கு நம் உதாரணம்?
(மாணவர், ஹட் பே)

அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் சிலம்பு விற்கப் போகிறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்த தீவு என்றும் அறிவிப்பில் சொன்னார்கள். ஆனால் ஸ்ரீவிஜயம் சோழர் அடித்த நாடு அல்லவா?
(கடை வைத்திருப்பவர், அபர்தீன் பஜார்)

நல்ல பிடி. 2024 செப்டம்பர் 13 அறிவிப்பில் சொன்ன விளக்கம், விடுதலைப் போராட்ட வெற்றியைக் குறிக்கும் பெயர் என்பது. அந்தக் கணக்கில் விஜயம் என்றால் வெற்றி, அதில் தப்பில்லை. ஆனால் சோழரையும் அதே மூச்சில் சொன்னதால்தான் முரண் உள்ளே வந்தது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பியது ஸ்ரீவிஜயத்தின் மீதுதான். அவன் மெய்க்கீர்த்தி வெற்றிகொண்ட இடங்களை அடுக்கும் பட்டியலில் ஸ்ரீவிஜயமும் இருக்கிறது, மாநக்கவாரமும் இருக்கிறது. நக்கவாரம் என்றால் உங்கள் நிக்கோபார்.

சோழரை நினைவூட்டச் சூட்டிய பெயர், கேட்டவர் மனதில் சோழரிடம் தோற்ற நாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இங்கே 'ஐரானிக்கலி' தாராளமாகப் போடலாம். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப இடம் கொடுத்தது ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன். அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேடுதான் இன்று லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றிருக்கிறது.

ஹேவ்லாக், நீல் தீவுகளின் பெயரை மாற்றியதைச் சிலர் குறை சொல்கிறார்களே?
(படகு ஓட்டுநர், ஸ்வராஜ் த்வீப்)

நான் குறை சொல்ல மாட்டேன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் முதல் இருநூறு கைதிகளை அந்தமானில் இறக்கினார்கள். அவர்களைச் சிறைவைத்த தீவுக்கூட்டத்திலேயே, கிளர்ச்சியை அடக்கிய ஹேவ்லாக் பெயரில் ஒரு தீவு. பக்கத்துத் தீவுக்கு ஜேம்ஸ் நீலின் பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முரண்நகை அல்ல, தோற்றவன் கண்ணில் படும்படி வென்றவன் வேண்டுமென்றே பொறித்த பெயர். விரும்பியது விரும்பியபடியே நடந்தால் அங்கே முரணுக்கு இடமில்லை.

நீலை நமக்கும் தெரியும். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையோடு வடக்கே போய் அலகாபாத்தில் கண்டபடி தூக்கிலிட்ட தளபதி. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்ற 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை சிலையை அருங்காட்சியகத்துக்குள் அனுப்பியது. தீவின் பெயர் மாற 2018 டிசம்பர் வரை ஆயிற்று. முரண் எங்கே என்று கேட்டால், சுதந்திரம் வந்த பிறகும் எழுபது வருடம் அந்தப் பெயர்களை நாமே பயணச்சீட்டில் அச்சடித்ததில்.

நேதாஜி கொடியேற்றியதை எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அதைப் பற்றிப் பேசும்போது 'ஐரானிக்கலி' வர இடமுண்டா?
(ஆசிரியர், பிரதராப்பூர்)

உண்டு. கொண்டாட்டத்தை நிறுத்தாமல் அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். ஆசியா ஆசியர்களுக்கே என்று சொல்லி வந்தார்கள், செல்லுலர் சிறையைத் திறந்துவிட்டார்கள். 1896-இல் கட்டத் தொடங்கி, கைதிகளையே கொத்தனாராக்கி 1906-இல் முடித்த சிறை அது. பிடிபட்ட ஆங்கிலேயர் சிலரையே அதில் அடைத்தார்கள். அதுவரை, வேலி போட்டவன் வேலிக்குள் மாட்டிய கதை. பிறகு கதை மாறியது. உளவாளி என்று சந்தேகித்து உள்ளூர் இந்தியர்களை அதே அறைகளில் தள்ளினார்கள்.

நேதாஜி 1943 டிசம்பர் 29 அன்று வந்து, மறுநாள் கொடியேற்றினார். அந்தமானுக்கு ஷஹீத், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்று பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அப்போது செல்லுலர் சிறைக்குள் டாக்டர் திவான் சிங் இருந்தார். மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர், அந்த ஊரில் இந்திய சுதந்திர லீகை நடத்தியவர். அதாவது நேதாஜியின் இயக்கத்துக்காரர். ஜப்பானியரின் சித்திரவதையில் 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரை நிற்கவைத்துச் சுட்டார்கள்.

விடுதலைக் கொடி ஏறிய ஊரில், அந்தக் கொடிக்காக உழைத்தவர், விடுவிக்க வந்தோம் என்றவர்கள் கையால் சிறைக்குள் செத்தார். இந்தச் சொல் தன் முழுக் கனத்தோடு உட்காரும் வாக்கியம் இது. ஹம்ஃப்ரேகஞ்சில் நினைவுச் சின்னம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு முறை அங்கேயும் அழைத்துப் போங்கள்.

சிறைப் போராட்டத்தைப் பற்றி மொழிபெயர்க்கிறேன். உண்ணாவிரதக் கைதிகளுக்கு வலுக்கட்டாயமாகப் பால் ஊட்டியதில் அவர்கள் இறந்ததை மூலம் 'ஐரானிக்கலி' என்று தொடங்குகிறது. 'விதியின் விளையாட்டாக' என்று போடலாமா?
(மொழிபெயர்ப்பாளர், டெலானிபூர்)

கூடாது. 1933-இல் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் இறந்தது குழாயைத் திணித்தவர்களால். மகாவீர் சிங்கின் நுரையீரலில் பால் புகுந்தது. உயிர் காக்க என்று சொல்லிச் செய்த காரியம் உயிரை எடுத்தது, அதனால் மூலத்தின் சொல் சரி. ஆனால் விதி அங்கே எதுவும் செய்யவில்லை. விதி என்று எழுதினால் குழாயைப் பிடித்த கை மறைந்துவிடும்.

'வேடிக்கை என்னவென்றால்' என்றும் எழுதாதீர்கள். ஆங்கிலச் சொல் சிரிப்பில்லாமலும் வரும், நம் 'வேடிக்கை'க்கு அது முடியாது. 'காக்க என்று ஊட்டிய பாலே' என்று வினையையே முன்னால் வையுங்கள். ஓர் ஏகாரம் முழு வேலையையும் செய்துவிடும்.

அப்படியானால் 'அந்தமான் இல்லம்'?
(அதே மொழிபெயர்ப்பாளர்)

அதற்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. 1863-இல் ராஸ் தீவில் பாதிரியார் கார்பின் தொடங்கியது. பெரும் அந்தமானியரைக் காட்டிலிருந்து அழைத்து வந்து, உணவும் உடையும் கல்வியும் கொடுத்துக் காப்பது என்பது பேச்சு. ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த இடத்தில் நோய்கள் தொற்றின. மேகநோய் வந்தது, 1877-இல் தட்டம்மை வந்தது. நலமாகிவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் காட்டுக்குள்ளும் நோயைக் கொண்டுபோனார்கள். 1858-இல் சுமார் ஐயாயிரம் பேர் என்று மதிப்பிடப்பட்ட மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625, 1961-இல் 19.

அதற்கும் முன்னால் ஒரு சங்கதி. தப்பியோடிய சிப்பாய்க் கைதி தூத்நாத் திவாரியை, அம்பு பட்டு விழுந்தவனைக் கொல்லாமல் விட்டு, ஓராண்டு தங்களோடு வாழவிட்டு, பெண்ணும் கொடுத்தவர்கள் இந்த மக்கள். 1859 மே 17 அன்று அவர்கள் அபர்தீனில் தாக்க வந்தபோது முன்கூட்டியே ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சொன்னவன் அவன்தான். அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது. அந்த வாக்கியத்துக்கு முன்னால் எந்த வினையடையும் வேண்டாம். சம்பவத்தை நேராகச் சொல்லுங்கள், வாசகர் தானே நின்றுவிடுவார்.

அலானிஸ் மோரிசெட்டின் 'ஐரானிக்' பாட்டில் வருவதெல்லாம் தப்பு என்கிறார்களே?
(பாட்டுப் பிரியர், ஜங்கிலிகாட்)

1995-இல் வந்த பாட்டு. அதில் பெரும்பகுதி பட்ட காலிலே படும் கதை, முரண்நகை அல்ல. பாட்டை ரசியுங்கள், தேர்வுத்தாளில் எழுதாதீர்கள்.

'ஆதிவாசிகள் ஐரானிக்கலி சுனாமியிலிருந்து தப்பித்தார்கள்' என்று ஒரு பயணக் கையேட்டில் படித்தேன். சரியா?
(சுற்றுலா வழிகாட்டி, ஸ்ரீ விஜயபுரம்)

யாருடைய எதிர்பார்ப்பு கவிழ்ந்தது என்று கேளுங்கள். நிலம் குலுங்கிக் கடல் பின்வாங்கியதும் ஓங்கிப் பழங்குடியினர் மேட்டுக்குப் போனார்கள். பெரியவர்கள் சொல்லி வைத்ததைச் செய்தார்கள், பிழைத்தார்கள். அவர்கள் பக்கம் எதுவும் கவிழவில்லை. கவிழ்ந்தது, அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்தவர்களின் எண்ணம். கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாதில் அது 2007-இல்தான் வந்தது. பயணிகளிடம் அந்தச் சொல் இல்லாமல் 'அறிந்திருந்ததால் தப்பித்தார்கள்' என்று சொல்லுங்கள்.

இன்றைய செய்தியிலிருந்து ஒரு சரியான 'ஐரானிக்கலி' சொல்லுங்கள். பழையதே வேண்டாம்.
(கல்லூரி மாணவி, கேம்பெல் பே)

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கலாத்தியா விரிகுடா, பெருந்தோல் ஆமைகள் முட்டையிட ஏறும் கரை. 2021 ஜனவரி தொடக்கத்தில், துறைமுகத்துக்காக அந்தச் சரணாலயத்தின் தகுதியை நீக்க தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புக்கொண்டது. அதே மாதக் கடைசியில் மத்திய அரசின் கடலாமைப் பாதுகாப்புச் செயல்திட்டம் வெளியானது. ஆமைகளுக்கு முக்கியமான இடங்களுள் கலாத்தியாவும் அதில் இருக்கிறது. திட்டத்துக்காகப் பெரும் நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போகிறது. அந்த மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நடுவதற்கு ஒதுக்கிய இடம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஹரியானாவில்.

காப்பதற்கென்று இருக்கும் அமைப்பே காவலை எடுத்தது, அதனால் இந்தச் சொல்லுக்கு முழுத் தகுதி உண்டு. துறைமுகம் வேண்டும் என்பவர்கள் நாட்டின் பாதுகாப்பையும் வணிகத்தையும் காரணம் சொல்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் நீங்கள் எழுதும்போது 'காடு அழிகிறது' என்று எழுதாதீர்கள். காடு தானாக அழிவதில்லை. யார் அனுமதித்தார், எந்தத் தேதியில், எவ்வளவு என்று எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.